இளமை தீர்திறம்: நடுவயதுக் காதல் கதையும் நம் வீட்டு வாசகர்களும்

மலருக்கு ஏதாவது கனமான விஷயமாக எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். நான் எழுதப்போவதோ ஒரு காதல் கதையைப் பற்றி. கதை லேசானதுதான். அதைப் படித்துவிட்டு எங்கள் திருப்பதிப் படிப்பு வட்டத்தில் நடந்த சண்டை அவ்வளவு லேசானதாக இல்லை. அந்தச் சண்டையின் காரணத்தைத் தேடிப்போன இடத்தில் தொல்காப்பியமும் வந்து நின்றது. ஆகவே 'ஆய்வுக் கட்டுரை' என்ற தலைப்பின்கீழ் இதைப் போடுவதில் ஆசிரியர் குழுவுக்குச் சங்கடம் இருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் எங்கள் வட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1911-இல் வடஆற்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பையின் சில தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதியே தனி மாவட்டமாகிவிட்டது. இத்தனை பிரிவினைக்கும் நடுவில் வீட்டுக்குள் தமிழ் பேசிக்கொண்டு, வாசலுக்கு வெளியே தெலுங்கு பேசிக்கொண்டு, பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டு வாழ்கிற குடும்பங்கள் நாங்கள். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பாரதம் மாதிரிதான். காப்பி மட்டும் கூடுதல்.

உரக்கப் படிக்க வசதியான புத்தகம் வேண்டும் என்றுதான் ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலை எடுத்தோம். 1971-இல் வந்த புத்தகம். அவருடைய நாவல்களில் இதை லேசான வகை என்றே நான் சொல்வேன். வில்லன் கிடையாது, கொலை கிடையாது, ஊரைக் கூட்டும் சம்பவம் கிடையாது. பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணி நாடக நடிகை, முப்பதைக் கடந்தவள், சொந்த வீடு வாசலோடு வசதியாக இருப்பவள். ரங்கா பத்திரிகையாளன், மனைவியை இழந்தவன், ஒரு குழந்தைக்குத் தகப்பன். இருவரும் பழகிப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். 'உனக்கு என்மேல் காதல் இல்லை' என்று அவனுக்கு ஒரு குறை. அவன் சொல்கிற அர்த்தத்தில் அது தன்னிடம் இல்லாமலும் இருக்கலாம் என்று அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மனஸ்தாபம் வளர்ந்து அவன் விலகிப் போகிறான். வக்கீலிடம் போனால், ஒருவர்மேல் ஒருவருக்குப் புகார் எதுவுமே இல்லாதபோது விவாகரத்து எப்படி என்று அவர் கேட்கிறார். (இளையவர்களுக்கு ஒரு தகவல்: கணவன் மனைவி மனமொத்துப் பிரிவதற்கான விதி இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்தது 1976-இல்தான்.) பிறகு அவளுக்குக் காலில் நோய் கண்டு நடக்க முடியாமல் போகிறது. ரங்கா திரும்பி வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறான்.

இவ்வளவுதான் கதை. மூன்று மாதம் படித்தோம். முடிந்த அன்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி, "என்ன அங்கிள், லவ்வே இல்லையே, ரெண்டு பேரும் மீட்டிங் மாதிரி பேசிக்கிட்டே இருக்காங்க" என்றாள். ஆண்களில் பலருக்கு ரங்காவைப் பிடிக்கவில்லை. பெண்டாட்டி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறானே என்று அவர்களுக்குக் கோபம். தெலுங்கில் இதற்கு 'இல்லரிகம்' என்று பெயர், நம் பக்கத்து 'வீட்டோடு மாப்பிள்ளை'. எங்கள் ஊர்களில் இந்தச் சொல்லை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. பெண்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்குக் கதை ரொம்பவே பிடித்திருந்தது. "சத்தம் போடாம பேசிக்கற புருஷன் பொண்டாட்டியைக் கதையிலாவது பாத்தோமே" என்றார் ஒரு அம்மா. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஆனால் அதிகம் பேர் சொன்னது ஒரே வாக்கியம்தான். ஆண்களும் சொன்னார்கள், பெண்களும் சொன்னார்கள். "எல்லாம் சரி, இந்த வயசுல இது தேவையா?"

ரேணிகுண்டாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இதைக் காகிதக் கணக்காகவே எடுத்து வைத்தார். ரங்கா ஆண், அவனுக்குப் பிரச்சினை இல்லை. இதே கதையில் புருஷனை இழந்த பெண் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் அவளுடைய குடும்ப ஓய்வூதியம் என்னவாகும் என்று எந்த எழுத்தாளராவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மத்திய அரசு விதிப்படி மறுமணம் செய்துகொண்ட விதவைக்கு அந்த ஓய்வூதியம் நின்றுபோகும். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, பிள்ளையில்லாத விதவைக்கு மட்டும், அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டு, தொடர்கிறது. ரமணிசந்திரன் முதலானோர் எழுதும் குடும்பக் காதல் நாவல்களை நம் பெண்கள் விரும்பிப் படிக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன். அவற்றில் நாயகிகள் பெரும்பாலும் இளம்பெண்கள், ஆகவே இந்தக் கேள்வியே எழாது. நடுவயதுக்காரர்களை வைத்துக் கதை எழுதும்போது வீடு யார் பேரில், பென்ஷன் யாருக்கு, பெண்ணைப் பெற்றவன் மறுமணம் செய்தால் அந்தப் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று நூறு கணக்கு வரும். லேசான கதை இந்தக் கணக்குகளை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருகிறது. படிப்பவருக்குச் சுகமாக இருப்பதும், சந்தேகமாக இருப்பதும் அதனால்தான்.

கூட்டத்தைக் கலகலப்பாக்க இன்னொரு பெரியவர், "திருப்பதியில உக்காந்துக்கிட்டு ரெண்டாம் கல்யாணம் தேவையான்னு கேக்கறீங்களே, நம்ம பெருமாள் பண்ணினது என்ன?" என்றார். ஸ்தல புராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிருகு முனிவர் மார்பில் உதைத்ததைப் பொறுத்துக்கொண்டாரே என்று கோபித்துக்கொண்டு மகாலட்சுமி கொல்லாபுரம் போய்விட, வேங்கடத்துக்கு வந்த சீனிவாசன் வகுளமாதாவின் பொறுப்பில் இருந்து, ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் குபேரனிடம் கடன் வாங்கித் திருமணம் செய்துகொண்டார். "அது வேற கேஸ் சார், தாயார் கோபமா போனாங்களே தவிர காலமாகலை" என்று உடனே ஒரு வக்கீல் குரல் வந்தது.

அந்த 'இந்த வயசுல தேவையா' என்பதற்கு வருகிறேன். இந்தச் சொல் நம் ஊர்க்காரர்களின் பத்தாம்பசலித்தனம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லிவிட முடியாது. இதற்கு வயது மிக அதிகம்.

தொல்காப்பியம் அகத்திணையை ஏழாக வைக்கிறது: கைக்கிளை, நடுவில் அன்பின் ஐந்திணை, கடைசியில் பெருந்திணை. கைக்கிளை ஒருதலைக் காமம். பெருந்திணை பொருந்தாக் காமம் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது. அந்தப் பெருந்திணையில் என்னென்ன அடங்கும் என்று நான்கு குறிப்புகள் உண்டு. மடலேறுவது ஒன்று, தெளிவை இழக்கும் அளவு காமம் மிகுவது ஒன்று, வலிந்து கொள்வது ஒன்று. இந்த மூன்றோடு 'இளமை தீர்திறம்' என்பதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இளமை கழிந்தபின் வரும் காதல்! மடலேறுகிறவனோடும் வலிந்து கொள்கிறவனோடும் நம் கல்யாணியும் ரங்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் 11, 12-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படுபவர். இளமை தீர்திறத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். தலைவன் முதியவன், தலைவி இளையவள் என்பது ஒன்று. தலைவி முதியவள், தலைவன் இளையவன் என்பது மற்றொன்று. மூன்றாவது, இருவருமே இளமை நீங்கியவர்கள். முதல் இரண்டில் குற்றம் வயதுப் பொருத்தமின்மை என்பது விளங்குகிறது. ஒத்த தலைமக்களுக்குரிய பத்து ஒப்புமைகளில் 'ஆண்டு' என்பதும் ஒன்றாயிற்றே. இறையனார் களவியல் உரை 16-க்கு 12 என்று எண்ணிக்கையே கொடுத்துவிடுகிறது. மூன்றாவது வகையில் இருவருக்கும் பொருத்தம் சரியாகவே இருக்கிறதே, குற்றம் என்ன? அந்தப் பருவத்தில் மனம் அறத்தின்மேல் போகவேண்டும், போகாமல் காமத்தின்மேல் போகிறது. அதுதான் குற்றம் என்கிறார் உரையாசிரியர்.

எங்கள் கூட்டத்தில் கேட்ட அதே வாக்கியம்! 'வயசான காலத்துல கோயில் குளம்னு இருக்காம' என்று நம் பாட்டிமார் சொல்வது இளம்பூரணர் சொன்னதின் பேச்சுத் தமிழ். தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாத குடும்பத்திலும் அந்த உரை உயிரோடு இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், எந்தக் கதையை நம் வாசகர்கள் மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்பதும் புலப்படும். நடுவயதுக் காதல் அறத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் மன்னிப்பு உண்டு. 'முதல் மரியாதை' (1985) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் 'ஆத்மபந்துவு' என்ற பெயரில் எங்கள் பக்கமும் வந்தது. சிவாஜியும் ராதாவும் அதில் ஒருவருக்காக ஒருவர் தியாகம் செய்கிறார்களே தவிர, சேர்ந்து வாழ்வதில்லை. '96' (2018) படத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஊர் சுற்றியும் விலகியே நிற்கிறார்கள். தெலுங்கில் 'ஜானு' (2020) என்று வந்ததிலும் அப்படியே. அமெரிக்காவில் ராபர்ட் ஜேம்ஸ் வாலர் 1992-இல் எழுதிய 'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' என்ற சிறு நாவலும் இந்த ரகம்தான். அயோவா மாநிலத்தில் பண்ணை வீட்டுக்காரி ஒருத்திக்கு 45 வயது. ஊருக்கு வந்த போட்டோ எடுப்பவனுக்கு 52. நான்கு நாள் காதல். விமர்சகர்கள் கேலி செய்தார்கள், மக்கள் கோடிக்கணக்கில் வாங்கினார்கள், மூன்றாண்டுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. அங்கேயும் அந்தப் பெண் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுப் போகவில்லை என்பதை மறக்க வேண்டாம். அயோவாவிலும் இளம்பூரணருக்கு ஆள் இருக்கிறது.

உடுப்பு இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜெயகாந்தனிடமே சாட்சி உண்டு. 1966-இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். முடிவை மாற்றி மறுகதை எழுதியவர்களும் உண்டு. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று ஜெயகாந்தன் எழுதியதுதான் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானது. கங்கா படித்து உத்தியோகத்துக்குப் போய், பல வருஷம் கழித்து அந்தக் கார்க்காரன் பிரபுவைத் தேடிப் போகிறாள். அவனோ வயதுக்கு வந்த மகளுக்குத் தகப்பன். இருவருக்கும் இடையே ஒரு ஸ்நேகம் உண்டாகிறது. அதற்கு ஊரில் பெயர் இல்லை, அறத்தின் போர்வையும் இல்லை. 1972-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது, படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, மாலதி சந்தூர் தெலுங்கிலும் கொண்டுவந்தார். அத்தனைக்குப் பிறகும் எங்கள் வட்டத்தில் இந்தப் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டாம் என்று இரண்டு முறை ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம் கேட்டால், "பிள்ளைங்க இருக்காங்க".

இந்த இளம்பூரணர் விஷயத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு போய் விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கல்யாணிக்குக் கால் போனதும் ரங்கா திரும்பி வருகிறானே, அங்கேதான் நம் வாசகர்கள் எல்லோரும் சமாதானம் ஆனார்கள். காமம் பணிவிடையாக மாறிவிட்டது, பெருந்திணை அறமாகிவிட்டது என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு டீச்சரம்மா. ஐம்பதை நெருங்குகிறவர், கணவரை இழந்து எட்டொன்பது வருஷம் ஆகிறது. மூன்று மாதமும் ஒரு வார்த்தை பேசாதவர். எழுந்திருக்காமலேயே கேட்டார்:

"அப்போ கால் போனாதான் சேர்ந்து இருக்கலாமா அண்ணா?"

நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். வந்தது, "அப்படி இல்லம்மா, கதையில..." என்கிற வரைதான். அவரும் விடையை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் கேள்வி நாவலையே திருப்பிப் போட்டுவிட்டது. கல்யாணியும் ரங்காவும் நன்றாக இருந்த நாட்களில் நம்மில் யாரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 'லவ் இல்லை', 'இல்லரிகம்', 'தேவையா' என்று ஆளுக்கொரு குறை சொன்னோம். அவள் முடமானதும்தான் நமக்கு மனது இளகியது. ஜெயகாந்தன் அந்த நோயை எதற்காக வைத்தார் என்பதில் எனக்கு இப்போது முன்புபோல நிச்சயம் இல்லை. வாசகனைச் சமாதானப்படுத்த வைத்தாரா, அப்படித்தான் நீ சமாதானமாவாய் என்று காட்ட வைத்தாரா? கதையின் பெரும்பகுதியை, ஒன்றுமே நடக்காத அந்தப் பேச்சுகளை, இரண்டாம் முறை படித்தபோது பின்னதாக இருக்கலாம் என்று தோன்றியது. லேசான பகுதிகள் என்று நான் வேகமாகப் புரட்டியவைதான் அவை. ஒருவர் வேலையிலிருந்து திரும்பும் நேரம் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது, அவ்வளவுதான் அவற்றில் இருக்கிறது.

அந்த டீச்சரம்மாவின் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு தைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை ஒருவர் சித்தூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். முப்பதிலேயே தாலி இறங்கிவிட்டது, பிள்ளை இல்லை. 1983-இல் அவருக்கு 41 வயது. கூட வேலை பார்த்த தெலுங்குக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பினோம். பதில் சொல்ல வீட்டில் படித்த பிள்ளை என்று என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு 24 வயது. அவருடைய வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு, "மா அத்தய்யகு இப்புடு இதி அவசரமா அண்டி?" என்று கேட்டுவிட்டு வந்தேன். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. அவர் "லேது நாயனா" என்று மட்டும் சொன்னார். அத்தை என்னிடம் அதைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. தொல்காப்பியத்தை அப்போது நான் தொட்டதுகூடக் கிடையாது.

அத்தை காலமான பிறகு பீரோவிலிருந்து எனக்கு வந்தது, கதிரில் வந்த 'காலங்கள் மாறும்' பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோந்தும் காக்கி அட்டையும் போட்டுத் தைத்த பைண்டு. நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்திருந்தார், பிறகு கிடைத்தால் ஒட்டிக்கொள்ள.

போன மாதம் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது டீச்சரம்மா, "அந்தக் கங்கா புஸ்தகம் உங்ககிட்ட இருக்குதாமே அண்ணா, ஒருவாட்டி குடுங்களேன்" என்றார். கடையில் வாங்கிய நல்ல அச்சுப் பிரதியும் வீட்டில் இருக்கிறது. நான் பைண்டைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவில் வெள்ளைத்தாள் வரும், பயந்துவிடாதீர்கள், அந்த இரண்டு வாரக் கதையை வேண்டுமானால் நான் சொல்கிறேன் என்றேன். "வேணாம் அண்ணா, நானே பாத்துக்கறேன்" என்றார்.